கால் எரிச்சலோடு வந்த ஒரு நோயாளி: குடும்ப மருத்துவப் பயிற்சியின் பலம் குறித்த நிகழ்வு ஆய்வு

ஒரு மருத்துவப் பயிற்சித் திட்டத்தின் பலம் என்னவென்று கேட்டால், மருத்துவமனையில் எத்தனை படுக்கைகள் உள்ளன, எத்தனை பிரிவுகளில் சுழற்சிப் பணி உண்டு, எத்தனை பேர் தேர்வில் தேறினார்கள் என்று கணக்குச் சொல்வதே வழக்கம். அந்தக் கணக்குகளுக்கும் மதிப்பு உண்டு. ஆயினும் குடும்ப மருத்துவத்தில் மூன்றாண்டு ரெசிடென்சி பயிற்சி (பட்டம் பெற்ற மருத்துவர் நோயாளிகளைக் கவனித்தபடியே பெறும் சிறப்புப் பயிற்சி) அளிக்கும் திட்டமொன்றில் வழிகாட்டும் மருத்துவராகப் பணியாற்றிய எனக்கு, அவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. பயிற்சி மருத்துவர் தாம் எழுதிய மருந்துச் சீட்டின் விளைவை, அதே நோயாளியிடம், தம் கண்ணாலேயே பார்க்கும்படி அந்தத் திட்டம் அமைந்திருக்கிறதா என்பதே அது. இங்கு விவரிக்கப்படும் நிகழ்வுதான் அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது. நோயாளியை அடையாளம் காண முடியாதபடி அவருடைய வயதும் குடும்ப விவரங்களும் சற்றே மாற்றப்பட்டுள்ளன.

முதல் வருகை

பயிற்சியில் சேர்ந்து மூன்று மாதங்களே ஆகியிருந்த மருத்துவர் ஒருவரிடம் 58 வயது அம்மையார் ஒருவர் வந்தார். பதினொரு ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம் காலையும் இரவும் எடுத்துவந்தார். நெஞ்செரிச்சலுக்காக ஓமெப்ரசோல் மாத்திரையும் நான்கு ஆண்டுகளாகத் தொடர்ந்துகொண்டிருந்தது. ஐந்து மாதங்களாக இரண்டு பாதங்களிலும் எரிச்சலும் மரத்துப்போன உணர்வும் இருப்பதாகவும், எந்த வேலை செய்தாலும் சீக்கிரம் களைத்துவிடுவதாகவும் கூறினார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.2 சதவீதம். சிறுநீரகச் செயல்பாடு சீராக இருந்தது. பாதங்களில் மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்த்தபோது பல இடங்களில் அவருக்குத் தொடுவுணர்வு தெரியவில்லை.

பயிற்சி மருத்துவர் வெளியே வந்து, சர்க்கரை நோயால் ஏற்பட்ட நரம்புப் பாதிப்பு என்று என்னிடம் விவரித்தார். விவரித்த முறை தெளிவாக இருந்தது. முடிவும் பொருத்தமாகத் தோன்றியது. நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் மாத்திரையை 75 மில்லிகிராம் இருவேளை தரலாமா என்று கேட்டார், நான் ஒப்புக்கொண்டேன். அன்று புறநோயாளிப் பிரிவில் கூட்டம் அதிகம். நான் அந்த அம்மையாரை நேரில் பார்க்கவில்லை.

அன்றைய என் தவறு இன்னதென்று துல்லியமாகச் சொல்ல முடியும். குடும்ப மருத்துவ ஆசிரியர்களான நெஹரும் அவருடைய சக ஆசிரியர்களும் 1992இல் எழுதிய ஐந்து படிகள் கொண்ட கற்பித்தல் முறை உலகெங்கும் பயிற்சி மருத்துவமனைகளில் பின்பற்றப்படுகிறது. 'ஒரு நிமிட வழிகாட்டி' என்ற பெயரில் அது பரவியிருக்கிறது. முதலில் மாணவரை ஒரு முடிவைச் சொல்லவைக்க வேண்டும். அடுத்து, அந்த முடிவுக்கு எப்படி வந்தார், வேறு எதையெல்லாம் எண்ணிப் பார்த்தார் என்று கேட்க வேண்டும். அதன் பிறகே பொதுவிதியைக் கற்பித்து, சரியானதைப் பாராட்டி, தவறானதைத் திருத்த வேண்டும். நான் முதல் படியில் நின்று பாராட்டுக்குத் தாவிவிட்டேன். "வேறு என்னவாக இருக்கலாம்?" என்ற ஒற்றைக் கேள்வியை அன்று கேட்டிருந்தால் இந்த ஆய்வுக்கே தேவை இருந்திருக்காது.

இத்தகைய நோயாளி எங்கே வருகிறார் என்பதும் பயிற்சிக்கு அடிப்படையான விஷயம். கெர் வைட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1961இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆயிரம் பெரியவர்களில் ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதேனும் உடல்நலக் குறை ஏற்படுகிறது; 250 பேர் மருத்துவரை நாடுகிறார்கள்; 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள்; ஒரே ஒருவர்தான் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். ஆனால் மருத்துவக் கல்வி பெரும்பாலும் அந்த ஒருவரைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது. அந்த ஒருவரிடம் நோய் முற்றி, பெயர் தெரிந்து, பல பரிசோதனைகளால் வடிகட்டப்பட்டு வருகிறது. மற்ற 249 பேரிடம் நோய் அரைகுறையாக, வாழ்க்கையோடு பிணைந்து, பெயரில்லாமல் வருகிறது. அவர்களுக்கு மருத்துவம் பார்க்க வேண்டியவரை அவர்கள் வரும் இடத்தில் வைத்தே பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததுதான் குடும்ப மருத்துவ ரெசிடென்சி. அமெரிக்காவில் 1969இல் அது இருபதாவது சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுதேர்வு எழுதித் தகுதியைப் புதுப்பிக்க வேண்டும் என்று தன் மருத்துவர்களுக்கு விதித்த முதல் சிறப்புத் துறையும் அதுவே.

வீழ்ச்சி

ஆறு வாரம் கழித்து அம்மையார் மீண்டும் வந்தபோது எங்கள் பயிற்சி மருத்துவர் வேறு பிரிவில் சுழற்சிப் பணியில் இருந்தார். எரிச்சல் குறையவில்லை என்று கேட்ட மற்றொரு மருத்துவர் மருந்தின் அளவை இருவேளை 150 மில்லிகிராமாக உயர்த்தினார். தனித்துப் பார்த்தால் அதிலும் பிழை இல்லை. அடுத்த மாதம் ஒரு நள்ளிரவில் அம்மையார் வீட்டு நடைவழியில் விழுந்து மணிக்கட்டு முறிந்து, தலையிலும் அடிபட்டதால் கண்காணிப்புக்காக வார்டில் சேர்க்கப்பட்டார்.

எங்கள் திட்டத்தின் அமைப்பு இங்கேதான் தன் வேலையைச் செய்தது. வார்டில் குடும்ப மருத்துவக் குழுவுக்கென்று தனிப்பிரிவு உண்டு. எங்கள் கிளினிக்கின் நோயாளி எக்காரணத்துக்காகச் சேர்ந்தாலும் அந்தக் குழுவிடமே வருவார். அந்த மாதம் வார்டுப் பணியில் இருந்தவர் அதே பயிற்சி மருத்துவர். காலைச் சுற்றில் கேஸ் ஷீட்டைப் புரட்டியவர் மருந்துப் பட்டியலில் தாம் தொடங்கிய மாத்திரையைக் கண்டதும் நின்றுவிட்டார். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டாயிற்று, தலை ஸ்கேனில் கோளாறு இல்லை, வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிந்திருக்க வேண்டிய சுற்று அது. வார்டை மட்டுமே அறிந்த மருத்துவருக்கு 'விழுந்து அடிபட்ட பெண்' என்பது முழுமையான கதை. இவருக்கோ அது தம் கதையின் நடுப்பக்கம்.

கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து அவர் கேட்டது ஒரு சிறிய கேள்வி: "அந்த நேரத்துல எதுக்கும்மா எழுந்தீங்க?"

அம்மையாரின் கணவருக்கு மறதி நோய் இருந்தது. அவர் இரவில் எழுந்து வாசல் கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறார் என்றும், கதவுச் சத்தம் கேட்டதும் ஓடியதில்தான் விழுந்ததாகவும் அம்மையார் சொன்னார். ஓராண்டாக ஒருநாளும் முழுதாகத் தூங்கியதில்லை. இதை இதுவரை எந்த மருத்துவரிடமும் அவர் சொன்னதில்லை, ஏனென்றால் எவரும் கேட்டதில்லை. களைப்புக்குச் சர்க்கரையைக் காரணமாக்கிக் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்த வரி எவ்வளவு மேலோட்டமானது என்று நாங்கள் இருவரும் அன்று உணர்ந்தோம்.

வீட்டுக்குச் சென்று பார்த்தது

எங்கள் திட்டத்தில் ஒவ்வொரு பயிற்சி மருத்துவரும் தம் பொறுப்பில் உள்ள நோயாளிகளில் சிலரை வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும். இதை வெறும் சம்பிரதாயமாகக் கருதுபவர்கள் உண்டு. நேரம் பிடிக்கும், பயணம் உண்டு, ஒரு பிற்பகலில் இரண்டு பேரைத்தான் பார்க்க முடியும். இருந்தாலும் இந்த நோயாளியின் வீட்டில் கழிந்த ஒரு மணி நேரத்தில் தெரியவந்ததை எந்தப் பரிசோதனைக் கூடமும் எங்களுக்குத் தந்திருக்காது.

மருந்துகளை எடுத்துக் காட்டும்படி பயிற்சி மருத்துவர் கேட்டபோது அம்மையார் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். அதில் ப்ரீகாபலின் அட்டைகள் இரண்டு வகையாக இருந்தன: முதலில் கொடுத்த 75 மில்லிகிராம் ஒன்று, பிறகு கொடுத்த 150 மில்லிகிராம் மற்றொன்று. இரண்டாவது மருத்துவர் அளவை உயர்த்தியபோது பழையதை நிறுத்தச் சொன்னாரா, சொன்னது காதில் விழவில்லையா என்பது இப்போது யாருக்கும் தெரியாது. அம்மையார் இரண்டையும் காலையும் இரவும் தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு 450 மில்லிகிராம். வார்டில் இருந்த இரண்டு நாளும் சீட்டில் இருந்தபடி 300 மட்டுமே கொடுக்கப்பட்டதால் இது எங்கள் கண்ணில் படவே இல்லை. மருந்துப் பட்டியலில் இருப்பதும் நோயாளி விழுங்குவதும் ஒன்றல்ல என்று வகுப்பறையில் நூறு முறை சொல்லியிருப்பேன். மேசையில் கொட்டிக் கிடந்த அட்டைகளுக்கு இருந்த வலிமை என் சொற்களுக்கு இருந்ததில்லை.

இந்த மருந்து மிகுந்தால் வரும் தலைசுற்றலுக்கும் வீழ்ச்சிக்கும் காரணம் கிடைத்துவிட்டது என்று அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். விடைபெறும் நேரத்தில் பயிற்சி மருத்துவர் கைகழுவச் சென்றார். அவருக்குத் துண்டை நீட்டிய அம்மையார் பேச்சோடு பேச்சாக, தாம் முகம் கழுவும்போது ஒரு கையால் வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்வதாகவும், கண்ணை மூடினால் உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவதாகவும் சொன்னார். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே அப்படித்தான் இருந்ததாம்.

கண் திறந்திருக்கும்போது நிலையாக நிற்பவர் கண்ணை மூடியதும் தடுமாறுகிறார் என்றால், கால் எங்கே இருக்கிறது என்ற தகவல் மூளைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று பொருள். பார்வைதான் அந்தக் குறையை அதுவரை ஈடுகட்டிக்கொண்டிருந்தது. இருட்டான நடைவழியில் அந்த ஈடும் இல்லாமல் போயிற்று. 1975இல் ஹாம்ப்டன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் புதிதாக வந்த 80 நோயாளிகளை ஆராய்ந்தபோது, 66 பேருக்குப் பரிந்துரைக் கடிதமும் நோயாளி சொன்ன கதையும் மட்டுமே சரியான முடிவுக்குப் போதுமானவையாக இருந்தன. எங்கள் நோயாளியும் அந்தக் கதையைச் சொல்லக் காத்திருந்தார். அதைக் கேட்க நான்கு மாதமும் ஒரு வீட்டு வருகையும் தேவைப்பட்டன.

விடை

மறுநாள் கிளினிக்கில் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கணுக்கால் எலும்பின் மீது வைத்தபோது அம்மையாருக்கு அதிர்வு எதுவும் தெரியவில்லை. கால் பெருவிரலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து, எந்தப் பக்கம் அசைகிறது என்று கேட்டபோது கண்ணை மூடியபடி தவறாகச் சொன்னார். விரல் நுனிகளிலும் மரத்த உணர்வு தொடங்கியிருந்தது. இந்த முறை நான் அறையில் இருந்தேன்.

வைட்டமின் பி12 அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 118 பிக்கோகிராம். 200க்குக் கீழே இருந்தாலே குறைபாடு என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஹீமோகுளோபின் 11.8; சிவப்பணுக்களின் சராசரிப் பருமன் 94, அதாவது இயல்பான அளவே. பயிற்சி மருத்துவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய எண் அந்த 94. பி12 குறைந்தால் சிவப்பணுக்கள் பெருத்து இரத்தசோகை வரும் என்று மாணவப் பருவத்தில் மனப்பாடம் செய்திருப்பதால், இரத்தப் பரிசோதனை ஏறக்குறைய இயல்பாக இருந்தால் அந்தச் சந்தேகத்தையே கைவிட்டுவிடுகிறோம். நரம்புப் பாதிப்போ இரத்தசோகைக்கு முன்னரே, சில வேளைகளில் இரத்தசோகை இல்லாமலேயே, வரக்கூடியது.

காரணம் அவருடைய மருந்துப் பட்டியலிலேயே இருந்தது. மெட்ஃபார்மின் நீண்ட காலம் எடுத்தால் குடலில் பி12 உறிஞ்சப்படுவது குறைகிறது. நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வொன்றில், மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட, பி12 அளவு 19 சதவீதம் குறைந்திருந்தது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் இது குறித்து மருத்துவர்களுக்கு மீண்டும் நினைவூட்டியது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோலும் உணவிலிருந்து பி12 பிரிந்து வருவதைத் தடுக்கிறது. பதினொரு ஆண்டு ஒன்றும் நான்கு ஆண்டு மற்றொன்றும் சேர்ந்து அந்த அம்மையாரின் நரம்புகளை மெல்ல அரித்திருந்தன. சர்க்கரை நோயாலும் நரம்பு ஓரளவு பாதிக்கப்பட்டிருக்கலாம். இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும். முதல் விடை முழுத் தவறல்ல. அது பாதி விடையாக இருந்ததாலேயே அதிக ஆபத்தானதாயிற்று.

ப்ரீகாபலின் படிப்படியாகக் குறைத்து நிறுத்தப்பட்டது. பி12 ஊசி 1000 மைக்ரோகிராம் ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கி, பிறகு இடைவெளி நீட்டப்பட்டது. ஓமெப்ரசோல் இன்னும் தேவைதானா என்று பார்த்ததில் தேவையில்லை என்று தெரிந்தது. தலைசுற்றல் இரண்டு வாரத்தில் நின்றது. எரிச்சல் மூன்று மாதத்தில் பெருமளவு அடங்கியது.

பதிவைத் திரும்பப் பார்த்தல்

எங்கள் திட்டத்தில் முதலாண்டு மருத்துவர்கள் நோயாளியின் இசைவோடு சில சந்திப்புகளை வீடியோவில் பதிவு செய்து, பின்னர் ஓர் ஆசிரியரோடு அமர்ந்து பார்ப்பார்கள். அந்த முதல் வருகையும் அப்படிப் பதிவாகியிருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவர் பயிற்சி மருத்துவரே.

பதிவில் அம்மையார் அமர்கிறார். "காலெல்லாம் எரியுது டாக்டர், மரத்தும் போகுது. ராத்திரி எழுந்தா..." என்று தொடங்குகிறார். "எவ்வளவு நாளா எரிச்சல் இருக்கு?" என்று பயிற்சி மருத்துவரின் குரல் குறுக்கிடுகிறது. அம்மையார் நாள்கணக்கு சொல்கிறார். 'ராத்திரி எழுந்தா' என்ற சொற்களுக்கு அதன் பிறகு அந்தச் சந்திப்பில் இடமே இல்லை. பயிற்சி மருத்துவர் அந்த இடத்தை மூன்று முறை பின்னோட்டிப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இது அவர் ஒருவருடைய குறை அல்ல. அனுபவமுள்ள குடும்ப மருத்துவர்களின் சந்திப்புகளை ஆராய்ந்து 1999இல் வெளியான ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 23 வினாடிகளில் மருத்துவர் பேச்சைத் திசைதிருப்பிவிடுவது தெரியவந்தது. முழுவதும் சொல்ல விடப்பட்ட நோயாளிகள், இடைமறிக்கப்பட்டவர்களைவிடச் சராசரியாக ஆறு வினாடிகள்தான் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். நேரமில்லை என்று நாம் சொல்லிக்கொள்ளும் காரணத்தை அந்த ஆறு வினாடிகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். திறமையான பேச்சாளராக மாணவரை ஆக்குவதற்காக அல்ல, நோயை உரிய நேரத்தில் கண்டுபிடிப்பதற்காகவே உரையாடலைக் கற்பிக்கிறோம் என்பதை இந்தப் பதிவுக்குப் பிறகு எந்தப் பயிற்சி மருத்துவருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதே அம்மையாரின் அனுமதியோடு அது புதிதாகச் சேர்பவர்களுக்குக் காட்டப்படுகிறது.

குற்ற உணர்வும் குழுவும்

விடை கிடைத்த பிறகு எதிர்பாராத ஒரு சிக்கல் முளைத்தது. பயிற்சி மருத்துவர் அந்த அம்மையாரைத் தவிர்க்கத் தொடங்கினார். அவரது அழைப்புகளுக்குச் செவிலியர் மூலம் பதில் அனுப்பினார். அடுத்த வருகையைத் தள்ளிப்போட்டார். தம் மாத்திரையால் ஒருவரின் எலும்பு முறிந்தது என்ற நினைப்பு அவரை உள்ளுக்குள் குடைந்துகொண்டிருந்தது.

ஹங்கேரியில் பிறந்து லண்டன் டேவிஸ்டாக் கிளினிக்கில் பணியாற்றிய மைக்கேல் பேலிண்ட், 1950களில் பொது மருத்துவர்களைச் சிறு குழுவாக அமரவைத்து, தங்கள் மனத்தை உறுத்தும் நோயாளிகளைப் பற்றிப் பேசவைத்தார். மருத்துவர் என்னும் மனிதரே ஒரு மருந்து, அந்த மருந்துக்கும் அளவும் பக்கவிளைவும் உண்டு என்பது அவரது பார்வை. இன்றும் பல குடும்ப மருத்துவத் திட்டங்களில் அத்தகைய குழு மாதமொருமுறையோ இருமுறையோ கூடுகிறது. எங்கள் திட்டத்தில் உளவியலாளர் ஒருவர் நிரந்தர ஆசிரியராக இருக்கிறார். அவரே குழுவை நடத்துபவர். யார் சரி, யார் தவறு என்று அங்கே தீர்ப்பு இல்லை. நோயாளியை முன்வைத்தவர் சொல்லி முடித்தபின் அமைதியாக இருப்பார்; மற்றவர்கள் நோயாளியின் இடத்திலும் மருத்துவரின் இடத்திலும் தங்களை வைத்துப் பார்த்துப் பேசுவார்கள்.

அன்று இரண்டாம் ஆண்டு மருத்துவர் ஒருவர், "அந்த அம்மா இத்தனைக்கும் பிறகு ஏன் உங்களிடமே வர விரும்புகிறார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு உடனே யாரிடமும் பதில் இல்லை. அடுத்த வாரம் பயிற்சி மருத்துவர் அம்மையாரை நேரில் சந்தித்து, நடந்தது என்ன, தம்மிடம் எங்கே பிசகியது, என்ன மாற்றப்பட்டிருக்கிறது என்று ஒளிவுமறைவின்றி விளக்கி மன்னிப்புக் கேட்டார். நானும் உடன் அமர்ந்து என் பங்கைச் சொன்னேன். "நீங்க வீட்டுக்கு வந்து பார்த்ததாலதானே தெரிஞ்சுது" என்பதே அம்மையாரின் மறுமொழி. இளம் மருத்துவர்கள் களைத்துப்போய்த் துறையைவிட்டே விலகுவதைப் பற்றி எங்கும் கவலைப்படுகிறார்கள். தவறை மனத்திலேயே புதைத்துக்கொள்ளவேண்டிய நிலை அதற்கு ஒரு பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தவறைப் பேச ஓர் அறையும் கிழமையும் ஒதுக்கி வைத்திருக்கும் திட்டம் அந்த மருத்துவரைக் காப்பாற்றுகிறது. அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் நோயாளிகளையும் காப்பாற்றுகிறது.

குடும்பம் என்ற சொல்

அம்மையாரின் கணவரும் விரைவில் அதே பயிற்சி மருத்துவரின் பொறுப்பில் சேர்ந்தார். மூன்று தலைமுறை உறவுகளைக் குறிக்கும் குடும்ப வரைபடம் ஒன்றை வரைந்து, இரவில் கவனிப்பு முழுவதும் ஒருவர் தலையிலேயே விழுந்திருப்பதை அவர் அதில் வட்டமிட்டுக் காட்டினார். மகனும் மகளும் வந்திருந்த கூட்டத்தில் சமூகப் பணியாளரும் இருந்தார். வாரத்தில் மூன்று இரவுகளை மகன் ஏற்றுக்கொண்டார். வாசல் கதவுக்கு மணி பொருத்தப்பட்டது. நடைவழியில் தரையோரமாகச் சிறு விளக்கு வைக்கப்பட்டது. கணவரின் தூக்கக் கோளாறைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பழைய ஒவ்வாமை மாத்திரையும் நிறுத்தப்பட்டது.

1968இல் கனடாவின் முதல் குடும்ப மருத்துவப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற இயன் மெக்வின்னி, குடும்ப மருத்துவரின் பிடிப்பு ஓர் அறிவுத் துறையின் மீதோ நோய்களின் கூட்டத்தின் மீதோ அல்ல, மனிதரின் மீதே என்று வலியுறுத்தினார். தரையோர விளக்கு எந்தச் சிறப்புத் துறையின் பாடத்திட்டத்தில் வரும் என்று யோசித்தபோதுதான் அதன் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது.

திட்டம் எங்கே தவறியது

பலத்தைப் பற்றி எழுதும்போது பலவீனத்தை மறைத்தால் எழுதியது பயனற்றுப்போகும். அம்மையாரின் இரண்டாவது வருகையில் பயிற்சி மருத்துவர் இல்லாமல் போனது தற்செயல் அல்ல. அப்போது சுழற்சிப் பணி அட்டவணையை முதலில் போட்டுவிட்டு, மிஞ்சிய அரைநாள்களைக் கிளினிக்குக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். வார்டிலும் அவசரப் பிரிவிலும் ஆள் தேவைப்பட்டால் முதலில் வெட்டப்படுவது கிளினிக்தான். தொடர்ச்சியே எங்கள் துறையின் உயிர் என்று மேடையில் பேசிக்கொண்டு, அட்டவணையில் அதற்குக் கடைசி இடம் தந்திருந்தோம்.

தொடர்ச்சிக்கு இருக்கும் மதிப்பு வெறும் உணர்ச்சி சார்ந்ததல்ல. நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வில், ஒரே பொது மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் பார்த்தவர்களுக்கு, ஓராண்டு மட்டுமே பார்த்தவர்களைவிட, அவசர நேர மருத்துவத்தை நாடும் வாய்ப்பும் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பும் இறக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய 25 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்தன. மூன்றாண்டுப் பயிற்சியில் 15 ஆண்டு உறவைக் கொண்டுவர முடியாது. ஆனால் அந்த உறவு எப்படித் தொடங்குகிறது, எங்கே அறுகிறது என்று காட்ட முடியும்.

இந்த நிகழ்வுக்குப் பின் முறையைத் தலைகீழாக்கினோம். கிளினிக் நாள்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே பூட்டப்படுகின்றன; மற்றப் பிரிவுகள் அவற்றைச் சுற்றி அமைகின்றன. பயிற்சி மருத்துவர்கள் மூவர் ஒரு குழுவாக, அதே செவிலியரோடு, ஒருவரின் நோயாளிகளை மற்றவர் அறிந்திருக்கிறார்கள். பிரிவுத் தலைவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் ஓயாத பேச்சுவார்த்தை நடந்தது. அளவு மாற்றும்போது பழைய அட்டையை நோயாளியிடமிருந்து திரும்ப வாங்குவது, அல்லது தொலைபேசியில் படித்துக் காட்டச் சொல்வது என்ற சின்ன நடைமுறைக்கு எவரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. பயிற்சி மருத்துவர் தம் இரண்டாம் ஆண்டு மேம்பாட்டுப் பணியாக, நான்கு ஆண்டுகளுக்கு மேல் மெட்ஃபார்மின் எடுத்தும் பி12 ஒருமுறைகூடப் பார்க்கப்படாதவர்களின் பட்டியலைத் தயாரித்தார். நான் எதிர்பார்த்ததைவிட அது நீளமாக இருந்தது. என் சொந்த நோயாளிகளும் அதில் இருந்தார்கள்.

மூன்றாம் ஆண்டு, கடைசி மாதம்

பயிற்சி முடித்து வெளியேறுபவர் தம் நோயாளிகளைக் கடிதத்தால் மட்டும் ஒப்படைத்துவிடக் கூடாது. சிக்கலான குடும்பங்களையாவது புதிதாகப் பொறுப்பேற்பவரோடு சேர்ந்து அமர்ந்து ஒப்படைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அன்று அறையில் அம்மையாரும் அவர் கணவரும் மகளும் இரண்டு பயிற்சி மருத்துவர்களும் இருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். மூன்றாண்டுகளுக்கு முன் நோயை மூன்று வாக்கியங்களில் முடித்துவைத்தவர், இப்போது புதியவரிடம் முதலில் சொன்னது நோயின் பெயரை அல்ல. "இவங்க பேச ஆரம்பிச்சா முடிக்கிற வரைக்கும் விடுங்க, கடைசியில்தான் முக்கியமானதைச் சொல்வாங்க" என்றார். அம்மையார் சிரித்தார்.

பிறகு இசைக்கவையைப் புதியவர் கையில் கொடுத்தார். புதியவர் அதைத் தட்டி அம்மையாரின் வலது கணுக்காலில் வைத்தார். கண்ணை மூடியிருந்த அம்மையார், "இருக்கு... இருக்கு... இப்ப நின்னுடுச்சு" என்றார். இடது கணுக்காலிலும் தெரிந்தது. பெருவிரலில் வைத்தபோது தலையை அசைத்தார். அங்கே இன்னும் எதுவும் வரவில்லை. புதியவர் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதி, அடுத்த வருகைக்கான தேதியைக் கேட்டார்.